குப்புசாமி எழுதிய ஐந்து வாக்கியங்கள்

1921 ஜூன் 14 — ரூ. 1-8-0
1923 ஆகஸ்டு 6 — ரூ. 2-0-0
1925 ஆகஸ்டு 3 — ரூ. 2-0-0
1926 ஆகஸ்டு 9 — ரூ. 2-0-0
1927 ஆகஸ்டு 8 — ரூ. 3-0-0

இவை தபால்காரர் குப்புசாமி இங்கிலீஷுக்காகச் செலவிட்ட தொகைகள். முதலாவது ஒரு பழைய அகராதியின் விலை. மற்ற நான்கும் குமாஸ்தா பரீட்சைக்குக் கட்டிய கட்டணம். கடைசித் தடவை கட்டணத்தை உயர்த்தியிருந்தார்கள். ஐந்தையும் அவர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் தபால் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். ஆகவே தேதிகளில் பிழை இருக்காது.

குப்புசாமி 1888-ல் பிறந்தவர். தபால் வேலைக்கு வந்தபோது இருபத்து நான்கு வயது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் முழுவதும் அவர் நடக்க வேண்டிய பகுதி. நெசவாளர் தெருக்களில் விடிந்ததும் பாவு விரித்துவிடுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டிழை கட்டி நிற்கும். அதைத் தாண்டக் கூடாது, குனிந்து நுழையவும் கூடாது. எதிர் வீட்டுக்குக் கடிதம் கொடுக்கவேண்டுமானால் தெருவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒன்பது ஆண்டுகள் அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

1921 மாசியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போயிற்று. இடது கணுக்காலில் வந்த வீக்கம் போகவில்லை. சித்திரையில் மறுபடி காய்ச்சல், இன்னும் கொஞ்சம் வீக்கம். இந்த ஊரில் இதைப் பார்த்து யாரும் என்ன நோய் என்று கேட்பதில்லை. தெருவுக்கு நான்கு பேருக்கு யானைக்கால் உண்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவனுக்கு அது தொல்லைதான், பிழைப்பு போய்விடாது. நடந்தே சம்பாதிக்கிறவனுக்கு அப்படி இல்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்புவார்கள். வைத்தியர் எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

ஒரு வழி இருந்தது. தபால்காரர்கள் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆகலாம். குமாஸ்தாவுக்கு நாற்காலி உண்டு. நாற்பது வயதுக்குள் தேறவேண்டும். கணக்கு, அலுவலக விதிகள், இங்கிலீஷ் என்று மூன்று பாடம். முதல் இரண்டும் அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இங்கிலீஷில் முகவரி படிக்கத் தெரியும், அவ்வளவுதான். கால் பெருப்பதற்குள் இங்கிலீஷ் படித்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவர் வாங்கிய அகராதியில் முதல் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. ஏ, பி, சி மூன்றும் போய், 'டி' என்ற எழுத்தில்தான் அது தொடங்கியது. அதனால் நெடுநாள் வரை அவருக்குப் பஞ்சத்துக்கு இங்கிலீஷ் தெரியும், ரொட்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே அதன் விளக்கம், அதற்குத் தமிழ், பிறகு ஓர் உதாரண வாக்கியம் இருந்தன. பரீட்சையிலும் அதே முறைதான் கேட்பார்கள்: ஐந்து வார்த்தை கொடுத்து, விளக்கம் எழுதி, சொந்தமாக ஒரு வாக்கியத்தில் அமைக்கச் சொல்வார்கள்.

படிக்க அவருக்கு வேறு நேரம் இல்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு வார்த்தை என்று வைத்துக்கொண்டார். வாசலில் நிற்கும்போது வார்த்தை. அடுத்த வீடு வரும்வரை அதன் விளக்கம். கடைசியில் உதாரண வாக்கியம், முதலில் இங்கிலீஷில், பிறகு அர்த்தம் மறந்துபோகாமலிருக்கத் தமிழில். மெதுவாகத்தான் சொல்வார். ஆனால் தெரு அமைதியாக இருக்கும் நேரங்களில் கேட்கும்.

தெருமுனை வீட்டுக் கந்தன் நல்ல நெசவாளி, வாயும் அதிகம். தறியை விட்டு எழாமலே கேட்பார்.

"இன்னாபா குப்புசாமி, இன்னிக்கு என் வூட்டுக்கு எந்த வார்த்தை?"

"ஃபெதர்."

"அப்படின்னா?"

"பறவையோட ஒடம்பை மூடிக்கினு இருக்கறது. லேசா இருக்கும், நடுவுல ஒரு தண்டு இருக்கும், ரெண்டு பக்கமும் மயிர் மாதிரி..."

"றெக்கைன்னு சொல்லிட்டுப் போயேன்பா. கையெட்டற எடத்துக்கு ஏன் வாலாஜாபாத் வழியா சுத்திக்கினு வர்றே?"

தெரு சிரிக்கும். குப்புசாமியும் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவார். 1923-ல் முதல் பரீட்சையில் இங்கிலீஷில் தவறினார். வார்த்தைகள் போதவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. 'எம்' எழுத்து வரைதான் வந்திருந்தார். மீதியை முடித்துவிட்டு அடுத்த தடவை எழுதலாம் என்றார். எனக்கும் அப்போது அவர் தேறிவிடுவார் என்றே தோன்றியது.

1924 நவம்பரில் அவர் 'டபிள்யூ' எழுத்தில் இருந்தார். நடுத்தெருவில் மணியம்மாள் என்பவள் வீடு. அவள் கணவன் பெங்களூருக்கு நெசவு வேலைக்குப் போயிருந்தான். மாதம் ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும் வரும். அன்று மணியம்மாள் வாசலில் உட்கார்ந்து இராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாசலுக்கு விழுந்த வார்த்தை 'விடோ'. உதடு அசைவதைப் பார்த்து அவள் என்னவென்று கேட்டாள். அவர் யோசிக்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வது பழக்கமாகிவிட்டது. கணவன் இறந்து, மறுபடி மணம் செய்துகொள்ளாத பெண் என்று சொன்னார். அதோடு நிற்காமல், அகராதியில் இருந்த வாக்கியத்தையும் தமிழில் சொன்னார்: அந்த வீட்டில் ஒரு விதவை தனியாக வசிக்கிறாள்.

"நல்ல வார்த்தையா ஒண்ணும் கெடைக்கலியா உனக்கு? போபா அந்தாண்ட" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவள் பெயருக்கு மூலையில் கறுப்பு மை தடவிய கடிதம் வந்தது. சாவுச் செய்தி சொல்லும் அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று, படிக்கத் தெரிந்த ஒருவர் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிப்பார்கள். அந்தத் தெருவில் அதைப் படிப்பவர் எப்போதும் குப்புசாமிதான். அன்றும் அவரே படித்தார். வேறு யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. அவள் கணவன் வாந்திபேதியில் இறந்திருந்தான். பெண்கள் அழத் தொடங்கினார்கள். மணியம்மாள் அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நீ அன்னிக்கே சொல்லிட்டுப் போனியேபா."

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவரோடு சண்டை போடவில்லை. தபால் நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தெருமுனைக்கு வந்து நின்று கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர் வாசலுக்கு வரவேண்டாம் என்பதற்காக. நடை குறைந்தது, காலுக்கு நல்லதுதான். ஆனால் அவர் அந்த மாதம் பத்து நாள் சாப்பாடு சரியாக இல்லாமல் இருந்தார் என்று அவர் மனைவி வடிவாம்பாள் பின்னர் சொன்னாள்.

கறுப்பு மூலைக் கடிதங்களின் முத்திரைத் தேதியைக் குறித்துவைப்பது என் வழக்கம். பெங்களூர் முத்திரையில் இருந்தது, அவர் அந்த வார்த்தையைச் சொன்ன நாளுக்கு முந்திய நாள். இறந்தவன் அதற்கும் முன்னால் இறந்திருக்கிறான். இதை அவரிடம் எடுத்துக் காட்டினேன். அவர் தேதியை இரண்டு முறை படித்தார்.

"இதைக் காட்டினா, எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுன்னு சொல்லுவாங்க ஐயா" என்றார்.

அந்த நாளிலிருந்து அவர் கெட்ட வாக்கியம் எழுதுவதில்லை.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் விளக்கு அணைவதில்லை, மலையேறுகிறது. தாலிக்கயிறு அறுவதில்லை, பெருகுகிறது. அரிசிப் பானை காலியானால் நிறைந்திருக்கிறது என்போம். சொன்னது நடந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. குப்புசாமிக்கு அது நடந்தே காட்டிவிட்டது. விளக்கங்களை மட்டும் அவர் ஒரு சொல் பிசகாமல் எழுதினார். வாக்கியம் என்று வரும்போது எல்லாவற்றையும் இல்லை என்றே முடித்தார். பஞ்சம் என்றால், காஞ்சிபுரத்தில் பஞ்சம் இல்லை. மூழ்குதல் என்றால், தென்னேரி ஏரியில் யாரும் மூழ்கவில்லை. தீ என்றால், எந்த வீட்டிலும் தீப்பிடிக்கவில்லை. 1925-ல் எழுதினார், தவறினார். 1926-ல் எழுதினார், மறுபடி தவறினார். வார்த்தைகள் இப்போது கடைசி எழுத்து வரை தெரியும். எங்கே மதிப்பெண் போகிறது என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

இதற்குள் கால் மிகவும் கனத்துவிட்டது. தபால்காரர்கள் முழங்கால் வரை காக்கிப் பட்டி சுற்றிக்கொள்வது உண்டு. குப்புசாமி இடது காலில் பட்டியை இறுக்கிச் சுற்றினார். வலது காலில் உள்ளே பழந்துணி வைத்து, இரண்டு காலும் ஒரே பருமனாகத் தெரியும்படி சுற்றினார். மேலதிகாரி சோதனைக்கு வரும் நாட்களில் பார்சல் மேசைக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் எல்லோரும் அறிவோம், யாரும் பேசியதில்லை.

1927-ல் எங்களுக்குப் போஸ்ட் மாஸ்டராக வந்தவர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நிதானமான மனிதர். குப்புசாமிக்கு அதுதான் கடைசிப் பரீட்சை என்பது தெரிந்ததும், பழகுவதற்காக எழுதிய தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். மத்தியானம் தபால் கட்டிய பிறகு படித்துப் பார்த்தார். விளக்கங்களைப் பார்த்துத் தலையசைத்தார். வாக்கியங்களுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'எங்கள் தெருவில் விதவை இல்லை.' இதுல விதவையை எடுத்துட்டு யானைன்னு போடு. 'எங்கள் தெருவில் யானை இல்லை.' வாக்கியம் நிக்கறதா?"

"நிக்குது ஐயா."

"அரிக்கேன் விளக்குன்னு போடு. அதுவும் நிக்கும். அப்போ உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும்னு படிக்கறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? எதைப் போட்டாலும் நிக்கற வாக்கியத்துக்கு எவன் மார்க் கொடுப்பான்?"

குப்புசாமி அந்த வாக்கியத்தை மறுபடி படித்தார்.

"உள்ளதை எழுது குப்புசாமி. லோகத்துல யாருமே சாகறதில்லையா?"

"சாவுறாங்க ஐயா. நான் எழுதித்தான் சாவணுமா?"

ஸௌந்தரராஜன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மணியம்மாள் விஷயத்தை அவருக்கு நான் அன்று மாலை சொன்னேன்.

வீட்டில் வடிவாம்பாளுக்கும் இதே கவலை. அவள் பக்கத்து வீட்டுத் தறியில் கரை கோத்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாலையில் வந்து அவர் காலைப் பிரித்து, நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஊற்றுவாள். பட்டியின் தடம் சதையில் கயிறு கட்டியதுபோல் பதிந்திருக்கும். யானை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதை, குப்புசாமி மறுநாள் என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

"என் பேரைப் போட்டு எழுதேன். 'வடிவாம்பாள் செத்துப் பூட்டா'ன்னு எழுது. பலிச்சா பூவும் பொட்டுமா போவேன், பலிக்கலைன்னா குமாஸ்தா பொண்டாட்டியா இருப்பேன். எனக்கு ரெண்டுல எதுலயும் நஷ்டமில்லை."

அவரால் அதுவும் முடியவில்லை.

பரீட்சை செப்டம்பரில் செங்கல்பட்டில் நடந்தது. காலை ரயிலில் போனார். வாசலில் நின்று வழியனுப்பிய வடிவாம்பாளிடம், இல்லை என்று முடிகிற வாக்கியம் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். என்ன எழுதுவது என்பதை ரயிலில்தான் தீர்மானித்தார். கெட்டதை யார் தலையிலாவது வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், தன் தலையில் வைப்பது. நடந்து முடிந்தது ஏதாவது இருந்தால், அதை முதலில் வைப்பது. நடந்ததை எழுதினால் புதிதாக ஒன்றும் வராது.

கொடுத்த ஐந்து வார்த்தைகள் இவை: அநாதை, மடிதல், வீங்குதல், நொண்டி, சவ ஊர்வலம். ஐந்தும் அவருக்காகவே பொறுக்கி எடுத்தது போல இருந்தன. அவர் எழுதியவற்றை அடுத்த நாள் காலை, தபால் பிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். தமிழில் அவை இப்படி அமையும்:

பிள்ளையார்பாளையம் தபால்காரன் குப்புசாமி பத்து வயதில் அநாதையானான். அவன் தகப்பன் பேதிக் காலத்தில் மடிந்தான். அமாவாசைதோறும் குப்புசாமியின் இடது கால் வீங்குகிறது. இப்படியே நடந்தால் அவன் சீக்கிரம் நொண்டியாவான். குப்புசாமியின் சவ ஊர்வலத்துக்குப் போஸ்ட் மாஸ்டர் அரைநாள் லீவு கொடுப்பார்.

மூன்று வருடமாக அவர் அவ்வளவு லேசான முகத்தோடு நின்று நான் பார்க்கவில்லை. ஸௌந்தரராஜன் கடைசி வாக்கியத்துக்குச் சிரித்தார். முழுநாளே கொடுக்கிறேன் என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"பேர் போட்டா எழுதினே?"

"போட்டேன் ஐயா. வேற யார் பேரைப் போடறது?"

விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் எழுதவேண்டும் என்பது விதி. தாளின் தலையில் அவர் எண்ணைத்தான் எழுதியிருந்தார். ஆனால் வாக்கியத்துக்குள் பெயர் இருந்தது, பகுதி இருந்தது, எந்தக் கால் என்பதும் இருந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. உறைக்கச் செய்து என்ன பயன் என்று ஸௌந்தரராஜனும் நானும் பேசாமல் இருந்தோம். தாள் போய்விட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் நல்ல மதிப்பெண். வடிவாம்பாள் வரதராஜர் கோயிலுக்குப் போய் வந்து, அலுவலகத்தில் எல்லோருக்கும் சர்க்கரைப்பொங்கல் கொண்டுவந்தாள். கந்தன் தறியை விட்டு எழுந்து வந்து, இனிமேல் குப்புசாமியைக் கும்பிட்டுத்தான் தபால்தலை வாங்கவேண்டுமா என்று கேட்டார். தெருக்காரர்கள் சிலர் அவரை வீட்டு வாசலுக்கு வரச்சொன்னார்கள். அவர் போனார்.

பத்து நாள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. குமாஸ்தாவாக நியமிப்பதற்கு முன்பு வைத்தியப் பரிசோதனைக்குப் போகவேண்டும். இடது காலைக் குறிப்பாகப் பார்க்கவேண்டும் என்று அதில் இருந்தது. குப்புசாமி அந்த வரியில் விரலை வைத்தார். இடது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சற்று நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது.

செங்கல்பட்டு வைத்தியரிடம் அவருடன் நானும் போயிருந்தேன். இரண்டு காலிலிருந்தும் பட்டியை அவரே பிரித்தார். வலது காலிலிருந்து விழுந்த துணியை வைத்தியர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இளம் வயதுக்காரர், பார்த்து முடித்ததும் காலைத் துடைத்துவிட்டு, உட்காருங்கள் என்றார். ரயிலில் திரும்பி வந்தோம். வாலாஜாபாத் தாண்டிய பிறகு குப்புசாமி ஒன்று சொன்னார்.

"மணியம்மாளுக்குச் சொன்னது பொய்யா இருந்திருக்கணும், பலிச்சுது. இது நெஜம். நெஜத்தை எழுதினா பலிக்காதுன்னு நெனைச்சேன்."

பொங்கல் வரை ஒன்றும் வரவில்லை. அதுவரை அவர் நடந்தார். பட்டியை இப்போது ஒரு காலில் மட்டும் சுற்றினார். ஸௌந்தரராஜன் மேலே எழுதிப் பார்த்தார். உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் காலால் என்ன தடை என்று இரண்டு பக்கம் எழுதினார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் வரவில்லை.

கடைசிக் கடிதம் வந்தபோது குப்புசாமி தபால் பிரிக்கும் மேசையில் இருந்தார். அரசாங்க உறை, இங்கிலீஷில் அவர் பெயர். ஸௌந்தரராஜன் தான் படித்துச் சொல்வதாகக் கையை நீட்டினார். வேண்டாம் என்று அவரே பிரித்துப் படித்தார். ஒன்றரைப் பக்கம். உடல்நிலை காரணமாக மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார், குமாஸ்தா நியமனம் இல்லை. எந்த வார்த்தைக்கும் அவர் அகராதியைத் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைய தபாலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெருவில் பாவு விரித்திருந்ததால் திரும்பி வர நேரமாயிற்று.

அதன் பிறகு எட்டு ஆண்டுகள் இருந்தார். வடிவாம்பாள் வேலை செய்த தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்யும் வேலைதான். தெருவில் இங்கிலீஷில் தந்தி வந்தால் படிக்கச் சொல்லி அவரிடம் கொண்டுவருவார்கள். நல்ல செய்தியானால் உடனே சொல்வார். கெட்ட செய்தியானால், ஸௌந்தரராஜன் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று மட்டும் சொல்வார். அதிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். 1936 ஐப்பசியில் காய்ச்சலில் காலமானார். ஸௌந்தரராஜன் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அரைநாள் லீவு கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அவரும் நானும் மயானம் வரை நடந்து போனோம்.

குப்புசாமியை வேலையிலிருந்து விடுவித்த அந்த அரசாங்க உறை எங்கள் அலுவலகத்துக்கு வந்த தேதி: 1928 ஜனவரி 19, வியாழக்கிழமை.